எக்கோ விளக்கும் நம் வலது கையும்

எங்கள் பத்துபஸ்திப் பக்கம் இப்போது நெடுந்தூரப் பயணத்துக்கான பெரிய மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்டன. வண்டி வாங்கிய பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மாமா, எக்கோ மோடில் போட்டால் நிஜமாகவே பெட்ரோல் மிச்சமாகுமா?" நம் தீவுக்குப் பெட்ரோல் கப்பலேறித்தான் வருகிறது. ஆகவே, இதை வெறும் விளையாட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 'எக்கோ' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு ஏற்பாடுகள் உள்ளன.

முதலாவது, வெறும் விளக்கு. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். நிறுவனத்தின் ஜூபிடர் ஸ்கூட்டரில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாக, சீராக ஓட்டினால் 'எக்கோ' என்று காட்டும். முறுக்கினால் 'பவர்' என்று மாறும். இந்த விளக்கு எஞ்சினை ஒன்றும் செய்வதில்லை. ஓட்டுபவருக்குப் புத்தி சொல்கிறது, அவ்வளவே.

இரண்டாவது, ஆக்சிலேட்டரின் வேகத்தைக் குறைப்பது. சென்னை நிறுவனமான ராயல் என்ஃபீல்டு 2023 நவம்பரில் வெளியிட்ட ஹிமாலயன் 450 இதற்கு நல்ல உதாரணம். 452 சி.சி. எஞ்சின் கொண்ட இந்த வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் கேபிள் போவதில்லை. நாம் எவ்வளவு முறுக்கினோம் என்று ஒரு சென்சார் சொல்ல, காற்று நுழையும் வழியிலுள்ள தகட்டை ஒரு சிறு மோட்டார் திறக்கிறது. எக்கோவில் போட்டால் அதே முறுக்கலுக்கு எஞ்சின் நிதானமாகவே இழுக்கும். அவசரக் கையை வண்டியே அடக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பெட்ரோல் கலவையையே மெலிதாக்குவது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எஞ்சினுக்குச் சுமை குறைவாக இருக்கும்போது பெட்ரோலை இன்னும் சற்றுக் குறைத்தாலும் வண்டி ஓடும். கவாசாகி நிறுவனத்தின் 1400 ஜி.டி.ஆர். வண்டியில் 2010 மாடல் முதல் இதற்கென்றே தனிப் பொத்தான் இருந்தது.

ஆக, எந்தப் பொத்தானும் பெட்ரோலை உற்பத்தி செய்வதில்லை. விருட்டென்று வேகம் எடுத்து, உடனே பிரேக் பிடித்தால், எரிந்த பெட்ரோல் எல்லாம் பிரேக்கில் சூடாகப் போய்விடும். எக்கோ தடுப்பது முக்கியமாக அந்த வீணைத்தான். ஏற்கெனவே நிதானமாக ஓட்டுகிறவருக்கு அதனால் பெரிய லாபம் இராது.

வேகத்தின் கணக்கையும் பாருங்கள். 40 கி.மீ. வேகத்தை 80 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. ஜிர்காட்டாங்கிலிருந்து ஜாரவா காப்பகத்தினூடே சுமார் 50 கி.மீ. தூரம் வண்டிகள் வரிசையாகவே, 40 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் செல்லவேண்டும் என்பது விதி. அங்கே மைலேஜைத் தருவது பொத்தான் அல்ல, அந்த விதிதான்!

சிடியாதாபு சாலை இறக்கத்தில் சிலர் வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்தபடியே ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால், கம்ப்யூட்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் செலவாகும். எஞ்சினின் பிடிப்பும் போய்விடும். நம் ஊர் மழையில் நனைந்த இறக்கத்தில் அந்தப் பிடிப்பு உயிரைக் காக்கும்.

எக்கோவை அணைக்கவேண்டிய நேரமும் உண்டு. பின்னால் மனைவியும் பெட்டியும் இருக்க மேடேறும்போதும், லாரியை முந்தும்போதும், எக்கோவில் இழுவை தாமதமாக வரும். ஒரு கரண்டி பெட்ரோலுக்காக எதிரே வரும் பஸ்ஸோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. முந்துவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

மிச்சம் எவ்வளவு? நாளொன்றுக்கு 30 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மாதம் 900 கி.மீ. ஆகிறது. லிட்டருக்கு 25 கி.மீ. கிடைத்தால் 36 லிட்டர் வேண்டும். 28 கிடைத்தால் 32 லிட்டரே போதும். மாதம் 4 லிட்டர் என்பது சம்பளக்காரக் குடும்பத்துக்குச் சின்ன விஷயமல்ல. ஆனால் டயரில் காற்று குறைந்திருந்தாலோ, செயின் காய்ந்திருந்தாலோ, அந்த மிச்சம் அங்கேயே போய்விடும்.

உங்கள் வண்டியின் உண்மையை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரே பங்கில் டேங்க் நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, வழக்கமான சாலையில் ஓட்டி, மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ் தெரியும். எக்கோவில் மூன்று முறை, எக்கோ இல்லாமல் மூன்று முறை இப்படிச் செய்து பாருங்கள். விற்பனையாளர் சொல்லும் எண்ணைவிட, உங்கள் வீட்டு நோட்டில் நீங்கள் எழுதும் எண்ணே நம்பத்தக்கது.