ஜாமீனில் வருபவர் காலில் ஜிபிஎஸ் கருவி: எந்த நிறுவனத்தின் கருவி நல்லது என்பதற்கு முன் கேட்க வேண்டியவை

‘நிபந்தனை ஜாமீன்’ என்றால் என்ன என்று சத்தியமங்கலம் கோர்ட் வாசலில் நிற்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜாமீன் கிடைத்துவிடும். ஆனால், மறு உத்தரவு வரும்வரை தினமும் காலையில் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். டவுனில் இருப்பவருக்கு அது அரை மணி நேர வேலை. மலைக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து போகும் கூலித் தொழிலாளிக்கு, கையெழுத்துப் போட்ட அன்றைய கூலி போச்சு என்று அர்த்தம்.

இந்தக் கையெழுத்துக்குப் பதிலாக, கணுக்காலில் ஒரு ஜிபிஎஸ் கருவியை மாட்டி அனுப்பிவிட்டால் என்ன? ஆள் எங்கே இருக்கிறார் என்று போலீஸுக்குத் தெரியும். அவரும் வேலைக்குப் போகலாம். சிறையிலும் நெரிசல் குறையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டெல்லியில் உச்ச நீதிமன்ற ஆய்வு மையம் முதல் நாடாளுமன்றக் குழு வரை இந்த யோசனையைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒருநாள் இது நம் ஊருக்கும் வரலாம். அதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்வோம்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

1983-ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநில நீதிபதி ஜாக் லவ், ஸ்பைடர்மேன் காமிக்ஸ் கதையில் வந்த ஒரு கருவியைப் பார்த்து, ‘இதையே குற்றவாளிகளுக்குப் பயன்படுத்தினால் என்ன?’ என்று யோசித்தார். அங்கிருந்து தொடங்கியதுதான் இது. இப்போது மூன்று வகைகள் உள்ளன.

முதல் வகை, ரேடியோ அலையில் இயங்குவது. வீட்டில் ஒரு பெட்டி, காலில் ஒரு பட்டை. குறிப்பிட்ட நேரத்தில் ஆள் வீட்டில் இருக்கிறாரா, இல்லையா என்பதை மட்டும் சொல்லும். வெளியே போனால் எங்கே போனார் என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது, ஜிபிஎஸ் வகை. செயற்கைக்கோள் உதவியுடன் இருப்பிடத்தைக் கணக்கிட்டு, உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். போகக் கூடாத இடத்துக்குப் போனாலோ, பட்டையை அறுத்தாலோ எச்சரிக்கை அடிக்கும். செல்போன் போலவே இதையும் தினமும் சார்ஜ் போட வேண்டும்.

மூன்றாவது, வியர்வையை வைத்து மது குடித்திருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகளில் வெளிநாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தியாவில் எதுவரை வந்திருக்கிறது?

2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸ், உபா சட்ட வழக்கில் ஜாமீன் பெற்ற ஒருவரின் காலில் ஜிபிஎஸ் கருவியை மாட்டியது. ஜம்முவில் உள்ள சிறப்பு நீதிமன்றத்தின் உத்தரவுப்படி இது நடந்தது. நாட்டிலேயே இதுதான் முதல் முறை என்று சொல்லப்பட்டது.

அதே ஆண்டு மே மாதம் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி சிறைகள் சட்டத்தில், கருவியை அணியச் சம்மதிக்கும் கைதிக்குச் சிறை விடுப்பு தரலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. செப்டம்பரில் நாடாளுமன்ற உள்துறை நிலைக்குழுவும் கணுக்கால் கருவியைப் பற்றி யோசிக்கலாம் என்றது. ஒடிசா சிறைத் துறை இந்த யோசனையை முன்வைத்தபோது, ஒரு கருவிக்கு 10,000 முதல் 15,000 ரூபாய் ஆகலாம் என்று செய்திகள் வந்தன.

சிறை என்பது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். ஆகவே மத்திய அரசு மாதிரிச் சட்டம்தான் தர முடியும். ஏற்பதும் விடுவதும் சென்னையின் கையில்.

எதற்காக இவ்வளவு அவசரம்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பேர், விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்கள் என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லாதவர்கள். 100 பேருக்கான இடத்தில் 131 பேர் அடைபட்டிருந்தார்கள்.

சரி, எந்த நிறுவனத்தின் கருவி நல்லது?

உலக அளவில் இது பெரிய வியாபாரம். அமெரிக்காவில் ஜியோ குழுமத்தின் பிஐ, மதுக் கண்காணிப்புக்குப் பேர்போன ஸ்கிராம், இஸ்ரேலில் தொடங்கிய அட்டென்டி, சூப்பர்காம், சுவிட்சர்லாந்தின் ஜியோசாட்டிஸ், பிரிட்டனின் பட்டி என்று பல நிறுவனங்கள் போட்டியில் இருக்கின்றன. விளம்பரக் கையேட்டில் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும்: தண்ணீர் புகாது, அறுத்தால் தெரியும், இடத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆனால், வாங்கிப் பயன்படுத்திய அரசுகளின் அனுபவம் வேறு கதை சொல்கிறது.

கலிபோர்னியா மாநிலம் ஒரு காலத்தில் இரண்டு நிறுவனங்களின் கருவிகளைப் பயன்படுத்திவந்தது. இரண்டையும் சோதித்துப் பார்த்தபோது, ஒன்றில் பேட்டரி சீக்கிரமே தீர்ந்தது, மேலுறை விரிசல் விட்டது, காட்டிய இடமும் தப்பாக இருந்தது. ஆயிரக்கணக்கான பேரின் காலிலிருந்து அந்தக் கருவியைக் கழற்றி, மற்ற நிறுவனத்தின் கருவியை மாட்ட வேண்டியதாயிற்று. சோதிக்கும்வரை இது வெளியே தெரியவே இல்லை.

கருவி நன்றாக இருந்தாலும் போதாது. 2010 அக்டோபரில் பிஐ நிறுவனத்தின் சர்வரில் பதிவுகள் 200 கோடியைத் தாண்டி, மேற்கொண்டு சேமிக்க இடமில்லாமல் நின்றுபோனது. 49 மாநிலங்களில் சுமார் 16,000 பேரை ஏறக்குறைய 12 மணி நேரம் கண்காணிக்க முடியவில்லை. 16,000 பேர் காலிலும் கருவி இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

பிரிட்டனில் நடந்தது பணப் பிரச்சினை. ஜி4எஸ், செர்கோ என்ற இரு நிறுவனங்கள் கண்காணிப்பு ஒப்பந்தத்தை எடுத்திருந்தன. திரும்பச் சிறைக்குப் போனவர்கள், நாட்டை விட்டே போனவர்கள், ஏன், இறந்துபோனவர்கள் பெயரில்கூட அரசுக்கு பில் போட்டது 2013-ல் அம்பலமானது. செர்கோ 6.85 கோடி பவுண்டும், ஜி4எஸ் ஏறத்தாழ 10.9 கோடி பவுண்டும் திருப்பிக் கொடுத்தன. பிறகு அபராதமும் கட்டின. வேடிக்கை என்னவென்றால், 2024 மே மாதம் தொடங்கிய புதிய ஒப்பந்தத்திலும் அதே இரண்டு பேர்தான்: கருவி ஜி4எஸ், கண்காணிப்பு செர்கோ. சிறையிலிருந்து வந்தவர்களுக்குக் கருவியை மாட்டவே பல நாட்கள் தாமதமாகிறது என்று அந்த ஆண்டே புகார் எழுந்தது.

அமெரிக்காவில் இன்னொரு கூத்தும் உண்டு. பல இடங்களில் கருவிக்கான தினசரி வாடகையை அணிந்திருப்பவரே கட்ட வேண்டும். கட்டத் தவறினால் மறுபடி சிறைக்குப் போகும் ஆபத்து.

ஆக, நிறுவனங்களை ஒப்பிடும்போது கருவியின் விலையும் துல்லியமும் பாதிக் கதைதான். யார் பார்க்கிறார்கள், தப்பான எச்சரிக்கைக்கு யார் பொறுப்பு, பணம் யார் கட்டுவது என்பது மீதிப் பாதி.

நம்ம மலையில் வேலை செய்யுமா?

ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரிய வேண்டும்; சிம் கார்டுக்கு டவர் வேண்டும். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் மட்டும் 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அடர்ந்த காட்டிலும் பள்ளத்தாக்கிலும் செல்போன் எத்தனை கோடு காட்டும் என்பது அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும்.

2023-ல் கேரள வனத்துறை அரிக்கொம்பன் யானைக்கு ரேடியோ காலர் மாட்டி விட்டது நினைவிருக்கும். அடர்ந்த காட்டுக்குள் போனதும் அவ்வப்போது சிக்னல் கிடைக்காமல் அதிகாரிகள் தேடியதும், அது கம்பம் டவுனுக்குள் நடந்து வந்ததும் செய்தியானது. சிக்னல் போனதற்காக யானை மீது யாரும் வழக்குப் போடவில்லை. மனிதன் விஷயத்தில் அப்படி இல்லை. ‘சிக்னல் இல்லை’ என்பதும் ‘ஆள் தப்பிவிட்டார்’ என்பதும் கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரே சிவப்பு விளக்காகத் தெரிந்தால், ஜாமீன் ரத்தாகும். தப்பு டவர் மேல் இருக்கும்; உள்ளே போவது ஆள்.

எல்லை இன்னொரு சிக்கல். தாளவாடி விவசாயிக்குச் சாம்ராஜ்நகர் சந்தை அயல் மாநிலம் அல்ல, பக்கத்து ஊர். ‘தமிழ்நாட்டைத் தாண்டக் கூடாது’ என்று கருவியில் கோடு கிழித்துவிட்டால், அவர் விளைச்சலை எங்கே கொண்டுபோய் விற்பார்?

உடுப்பையும் யோசிக்க வேண்டும். குளிர் நாடுகளில் பேன்ட்டுக்குள் கருவி மறைந்துவிடும். வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டு வாழைத் தோட்டத்திலும் மல்லிகைத் தோட்டத்திலும் வெறுங்காலோடு நிற்பவருக்கு மறைக்க வழியில்லை. ‘ஏனுங்க, காலுல அதென்னங்க?’ என்று நாலு பேர் கேட்டால் போதும், தீர்ப்பு வருவதற்கு முன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிடும். மறுநாள் வேலைக்குக் கூப்பிட ஆள் யோசிப்பார்கள்.

கோர்ட் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு ஒரு முக்கியத் தீர்ப்பைத் தந்தது. போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் பெற்ற நைஜீரியர் ஒருவர், தன் இருப்பிடத்தை கூகுள் மேப்பில் விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அது செல்லாது என்றது அமர்வு. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் போலீஸ் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வகை செய்யும் நிபந்தனை, அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்பது அதன் சாரம். போனில் ஒரு புள்ளி வைப்பதற்கே இப்படி என்றால், காலில் 24 மணி நேரக் கருவி எந்தச் சட்டத்தில் நிற்கும்?

2017-ல் சட்ட ஆணையம் தன் 268-வது அறிக்கையில், மிகுந்த எச்சரிக்கையோடு, கொடுங்குற்ற வழக்குகளில், அதுவும் முன்பு அதேபோன்ற குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம் என்றது. 2024 நவம்பரில் வெளியான உச்ச நீதிமன்ற ஆய்வு மையத்தின் அறிக்கையோ, ஆபத்து குறைந்த, நன்னடத்தை உள்ள விசாரணைக் கைதிகளிடம் முதலில் சோதிக்கலாம் என்றது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள்.

அப்படியானால் யார் காலில்?

உண்மையான கேள்வி இதுதான். ஆபத்து இல்லாதவர் என்றால், கருவி இல்லாமலேயே வெளியே விடலாமே? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு, முதல் முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் அவரை விடுவிக்கச் சொல்கிறது. மற்றவர்களுக்குப் பாதி. ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஜாமீன் கிடைத்தும் அதற்கான பணம் கட்ட முடியாமல் உள்ளேயே கிடப்பவர்களுக்காக, 2023-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் உதவ வழி இருக்கிறது. கோவை சிங்காநல்லூர் திறந்தவெளிச் சிறையில் தண்டனைக் கைதிகளே மதில் இல்லாமல் தோட்ட வேலை பார்க்கிறார்கள். இத்தனை கதவு இருக்கும்போது, சும்மா விட வேண்டியவர் காலிலும் பட்டை மாட்டினால், சிறை குறையாது; சிறை வீட்டுக்கே வந்துவிடும்.

ஆனால், கருவிக்கு நியாயமான இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்த மலைக்கு அது நன்றாகத் தெரியும். வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் தடா சட்டத்தில் பிடிக்கப்பட்டு, மைசூரு சிறையில் 8 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவர்களில் பெரும்பாலானோரை 2001-ல் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. தடாவில் ஜாமீன் என்பது கிட்டத்தட்ட கிடையாது. இன்று உபாவிலும் அதே நிலைதான். அப்படி ஜாமீனே கிடைக்காத வழக்கில், காலில் கருவியோடாவது வீட்டில் இருக்கலாம் என்றால், 8 ஆண்டு சிறைக்கு அது எவ்வளவோ மேல். ஜம்முவில் நடந்ததை அப்படியும் பார்க்கலாம்.

ஆகவே அளவுகோல் எளிது. கருவி இல்லாவிட்டால் அந்த ஆள் இன்று சிறையில் இருப்பாரா? ஆம் என்றால் கருவியைப் பற்றிப் பேசலாம். இல்லை என்றால் வேண்டாம்.

டெண்டர் விடும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. நிறுவனத்தின் கையேட்டை நம்பாமல், தாளவாடி, கடம்பூர் போன்ற மலைப் பகுதிகளில் மழைக்காலத்திலும் சோதித்துப் பார்த்தார்களா?

2. சிக்னல் போனால் எத்தனை மணி நேரம் அவகாசம்? அதைக் குற்றமாகக் கருதுவதற்கு முன் நேரில் போய்ப் பார்ப்பது யார்?

3. பணம் முழுவதையும் அரசே கட்டுமா? அணிபவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதப்படுமா?

4. இருப்பிடத் தகவல் எந்த சர்வரில், எத்தனை நாள் இருக்கும்? வழக்கு முடிந்ததும் அழிக்கப்படுமா? வேறு வழக்குக்கு போலீஸ் எடுத்துப் பார்க்க முடியுமா?

5. கருவியைக் கழற்றும் தேதி உத்தரவிலேயே இருக்கிறதா? மருத்துவக் காரணத்துக்குக் கழற்ற யாரிடம் கேட்பது?

6. நிறுவனம் போடும் பில்லையும் உண்மையில் கருவி அணிந்திருப்பவர்களின் எண்ணிக்கையையும் வெளித் தணிக்கையாளர் ஒப்பிடுவாரா?

இதில் ஒன்றுக்காவது பதில் இல்லை என்றால், எந்த நிறுவனத்தின் கருவி மலிவு என்று பார்ப்பதில் பயனில்லை. அதுவரை மலைக் கிராமத்துக்காரருக்கு உடனே செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. தினமும் போடும் கையெழுத்தை வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைக்கச் சொல்லி, அல்லது வீட்டுக்கு அருகில் உள்ள காவல் நிலையத்துக்கு மாற்றச் சொல்லி, அதே கோர்ட்டில் மனுப் போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக உதவி கேட்கலாம். அதற்கு பேட்டரியும் வேண்டாம், டவரும் வேண்டாம்.