சட்டமும் பிரெஞ்சும் ஒருங்கே கற்றல்

பல்கலைக்கழகம் புகவிருக்கும் மாணவருக்கு யாது கற்பது என்னும் வினா எழுதல் இயல்பே. ஒரு துறையைத் தெரிந்தெடுத்தலே அரிதாக இருக்க, இரு துறைகளை இணைத்துப் புகட்டும் பட்டநெறிகளும் இக்காலத்துப் பல்கிவிட்டன. அவற்றுள் ஒன்று, இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சில நடத்திவரும் சட்டமும் பிரெஞ்சும் இணைந்த பட்டநெறியாகும். பிரித்தானியாவில் வாழும் பழைய மாணவர்தம் பிள்ளைகளுக்கும், அங்குச் சென்று கற்கக் கருதும் நம் மாணவருக்கும் இஃது ஆராயத்தக்கதொன்று. இரண்டைக் கற்றால் மதிப்பும் இரட்டிக்கும் என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் எத்துணை பொருந்தும் என்பதை ஈண்டு நோக்குவாம்.

சட்டத்துக்கும் பிரெஞ்சு மொழிக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று உண்டானதன்று. 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சு அரசவை மொழியாயிற்று; நாளடைவில் நீதிமன்றங்களில் வழக்குரைக்கும் மொழியாகவும் அமைந்தது. வழக்குகள் ஆங்கிலத்திலேயே உரைக்கப்படல் வேண்டுமென 1362 இல் விதிக்கப்பட்டது. ஆயினும் சட்ட அறிஞர் தம் குறிப்புக்களையும் தீர்ப்புத் தொகுப்புக்களையும் 17 ஆம் நூற்றாண்டு வரையும் ஒருவகைப் பிரெஞ்சிலே எழுதிவந்தனர். ஜூரி, அற்றோணி, மோட்கேஜ் முதலிய சொற்கள் அவ்வழி வந்தவையே. சொற்கள் இவ்வாறு கலந்தனவெனினும், இரு நாட்டுச் சட்டங்களும் வெவ்வேறு நெறியில் வளர்ந்தன.

ஆங்கிலச் சட்டத்தின் பெரும்பகுதி நீதிபதிகளின் தீர்ப்புக்களால் உருவாயது. மேல்மன்று வகுத்த நியதி கீழ்மன்றுகளைக் கட்டுப்படுத்தும். பிரான்சிலோ, நெப்போலியன் காலத்தில் 1804 இல் வெளிவந்த குடியியற் சட்டக்கோவையே தனியார் சட்டத்துக்கு அடிப்படை. நீதிபதிகள் தம்முன் வந்த வழக்கைத் தீர்ப்பதன்றிப் பொதுவிதி வகுத்தலாகாது என அதன் 5 ஆம் உறுப்புரை தடுக்கின்றது. சட்டம் ஒன்றுங் கூறவில்லையெனக் காட்டித் தீர்ப்பளிக்க மறுத்தலும் ஆகாது என்கிறது 4 ஆம் உறுப்புரை. இங்கிலாந்தின் மேல்மன்றுகளில் நீதிபதிகள் தத்தம் பெயரால் காரணங்களை விரித்துரைப்பர். உடன்படாதவர் தம் மறுப்பையும் எழுதுவர். பிரான்சில் தீர்ப்பு மன்றின் பெயராலேயே வரும். மாறுபட்ட கருத்து வெளிப்படுவதில்லை. அந்நாட்டுக் குடியியல், குற்றவியல் வழக்குகளின் மீயுயர் மன்று, 2019 வரையும் தன் தீர்ப்பு முழுவதையும் ஒரே வாக்கியமாக எழுதும் மரபினைக் கொண்டிருந்தது.

இவ்வேறுபாடு வெறும் முறை வேறுபாடன்று. குளத்தில் மூழ்கும் அந்நியக் குழந்தையைக் கரையில் நிற்பவன் ஒருவன் தனக்கு இடரின்றிக் காப்பாற்றக் கூடுமாயிருந்தும் வாளாவிருந்தான் எனக் கொள்வோம். பெற்றோர், காவலர் முதலிய சிறப்புக் கடமையுடையோரல்லாத அவனை ஆங்கிலச் சட்டம் பொதுவாகத் தண்டிப்பதில்லை. பிரெஞ்சுத் தண்டனைக் கோவையோ அவனைக் குற்றவாளியாகக் கொள்ளும். அறத்துக்கும் சட்டத்துக்கும் இடையே எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்னும் வினாவுக்கு இரு நாடுகளும் இரு விடை தந்துள்ளன.

ஒப்பந்தச் சட்டமும் அவ்வாறே. வாக்களித்தவனுக்குக் கைம்மாறாக ஏதேனும் பெறுமதி கிடைத்தாலன்றி, முறைப்படி எழுதிய உறுதியில்லாத வாக்குறுதியை ஆங்கில மன்றுகள் நிறைவேற்றா. பிரெஞ்சுச் சட்டம் அதனை வேண்டுவதில்லை. அது நெடுங்காலம் வேண்டிய 'காரணம்' என்னும் கூறும் 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று. இலங்கையில் நிலவும் உரோமன்-ஒல்லாந்தச் சட்டமும் ஆங்கிலேயர் கேட்கும் கைம்மாறினை வேண்டாததே. இலங்கையினின்று சென்ற வழக்கொன்றில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1918 இல் இதனை உறுதிப்படுத்திற்று. உரோமச் சட்டத்தில் வேர்கொண்ட மரபும் ஆங்கில மரபும் ஒருங்கே நிலவும் நாட்டிற் பிறந்த நமக்கு, இவ்வொப்பீடு முற்றும் அயலானதன்று.

இனி, பட்டநெறிகளின் வகையை நோக்குவாம். பெயரால் ஒத்திருப்பினும் இவை மூவகைப்படும். முதல் வகையில் மாணவர் ஆங்கிலச் சட்டத்தையே கற்று, பிரெஞ்சினை மொழியாக மட்டும் பயில்வர். இரண்டாம் வகையில் பிரெஞ்சுச் சட்டத்தையே பிரான்சில் ஓராண்டு தங்கிக் கற்பர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக மாணவர் நான்காண்டு நெறியின் மூன்றாம் ஆண்டைப் பாரிஸ் நகரில் கழிப்பது இவ்வகை. மூன்றாம் வகையில் காலம் சரிபாதியாகப் பகுக்கப்படும். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஈராண்டும் பாரிஸ் சோர்போனில் ஈராண்டும் கற்று, இரு நாட்டுப் பட்டங்களும் பெறும் நெறி இதற்கு எடுத்துக்காட்டு. விண்ணப்பிக்குமுன், தாம் நாடுவது எவ்வகை என்பதை மாணவர் பாடவிதானத்தைப் படித்தே துணிதல் வேண்டும். தலைப்பை நம்புதல் போதாது.

பாரிஸ் சென்றபின் எதிர்ப்படும் இடர்ப்பாடு மொழியளவில் நின்றுவிடுவதில்லை. அங்குச் சட்டக் கட்டுரை இரு பகுதிகளாகவும், ஒவ்வொரு பகுதியும் இரு உட்பிரிவுகளாகவும் அமைதல் வேண்டும் என்பது மரபு. ஆங்கில முறையில் வழக்குக்களை அடுக்கி வாதிடப் பழகியவர், தம் சிந்தனையையே புதிதாக ஒழுங்குசெய்ய நேரும். ஒரே எழுத்தினவாகிய சொற்களும் ஏமாற்றும். 'ஜூரிஸ்புரூடன்ஸ்' ஆங்கிலத்திற் சட்டத்தின் தத்துவத்தைக் குறிக்கும். பிரெஞ்சில் அதே சொல் நீதிமன்றத் தீர்ப்புக்களின் தொகுதியைக் குறிக்கும். ஆங்கில 'மஜிஸ்திரேற்' கீழ்மன்ற நீதிபதி. பிரான்சிலோ அரச வழக்குத் தொடுநரும் அப்பெயருள் அடங்குவர்.

இத்துணை உழைப்பின் பயன் யாது? ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றிலும், ஸ்திராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் மன்றிலும் ஆங்கிலமும் பிரெஞ்சுமே ஆட்சிமொழிகள். லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றின் நீதிபதிகள் தம்முட் கலந்தாய்வது பிரெஞ்சிலேயே. கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் மொரீசியசுத் தீவிலும் இருவகைச் சட்டமரபும் அருகருகே வழங்குகின்றன.

ஆயினும் ஒன்று மறைத்தற்பாலதன்று. பிரித்தானியா 2020 இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியது. ஆங்கில வழக்கறிஞர் ஒன்றிய நாடுகளில் எளிதிற் தொழில்புரிய இருந்த உரிமை அவ்வாண்டின் முடிவோடு அற்றது. பிரித்தானியக் குடியினரும் பிரான்சில் மூன்று மாதங்களுக்கு மேலே தங்கிக் கற்க விசா பெறல் வேண்டும். பட்டம் பெற்ற மாத்திரத்தே ஒருவர் வழக்கறிஞராவதும் இல்லை. இங்கிலாந்தில் பாரிஸ்டராக விரும்புவோர், ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், சொத்து முதலிய அடிப்படைப் பாடங்களைத் தம் பட்டநெறி முழுமையாக உள்ளடக்குகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். சொலிசிற்றராதற்கு 2021 இல் தொடங்கிய பொதுத் தேர்வும் இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியும் உள. இலங்கையில் தொழில்புரியக் கருதுவோர் இங்குள்ள விதிகளையும் நிறைவு செய்தல் வேண்டும்.

ஆகவே மாணவர் தம்மைத் தாமே கேட்கத்தக்க வினாக்கள் மூன்று. பிரெஞ்சு இல்லாவிடினும் சட்டத்தை விரும்பிக் கற்பேனா? இல்லையெனின் பிரெஞ்சு இலக்கியமும் மொழியுமே கற்கலாம். இங்கிலாந்தில் வேறு துறைப் பட்டதாரியும் பின்னர் மாற்றுநெறியாற் சட்டத்துறை புகலாம். அகராதியோடு அமர்ந்து சட்டநூல் படிக்கும் பொறுமை எனக்குண்டா? குடியியற் கோவை இணையத்திற் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. அதன் பத்து உறுப்புரைகளை ஒரு வாரம் முயன்று படித்துப் பார்த்தால் விடை தானே புலப்படும். மூன்றாவது, மேலதிக ஓராண்டின் செலவை என் குடும்பம் தாங்குமா? இதனைப் பெற்றோரோடு அமர்ந்து கணக்கிட்டுத் தெளிதல் வேண்டும். கடன்பட்டுக் கற்பவருக்கு நான்காம் ஆண்டு சிறு சுமையன்று.

மூன்றுக்கும் ஆம் என விடையிறுப்பவர் தயங்காது இந்நெறியைத் தெரிவாராக. மற்றையோருக்குச் சட்டம் தனித்துக் கற்றலே நன்று. மொழியை மாலை வகுப்பிலும் பின்னாளிலும் கற்கலாம். இந்நெறியின் உண்மைப் பயன் மதிப்பின் இரட்டிப்பன்று. தன் நாட்டுச் சட்டத்தைப் பிறர் சட்டத்தின் பக்கத்தே வைத்துப் பார்க்கும் கண்ணே அது தரும் பேறு. அக்கண்ணை வேண்டுபவருக்கு உழைப்பும் பாரமாகாது. பட்டத்தின் பெயரழகை மட்டும் வேண்டுபவர், அதனைப் பெறுதற்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது என்பதைப் பாரிஸ் சென்றபின் உணர்தலினும், விண்ணப்பத்துக்கு முன்னரே உணர்தல் நன்றாம்.