11 பொருள்களில் புத்தகம் இல்லை!

பத்திரிகை வாசகர்களை எடைபோடும் கணக்கு

ஆங்கிலப் பத்திரிகை படிக்கிறவரா? காரில் போவார், அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பார். தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவரா? சோப்பும் தலைவலி மாத்திரையும் வாங்குவதோடு சரி! விளம்பரம் கொடுப்போர் வட்டாரத்தில் நெடுங்காலமாக உள்ள எண்ணம் இது.

இதற்கு அளவுகோலும் உண்டு. நகரக் குடும்பங்களைத் தரம் பிரிக்க 1988-ல் இந்திய சந்தை ஆய்வுச் சங்கம் ஒரு முறை வகுத்தது. சம்பாதிப்பவரின் படிப்பு என்ன, தொழில் என்ன என்று பார்த்தார்கள். 2011-ல் தொழிலை நீக்கிவிட்டு வீட்டுச் சாமான்களைச் சேர்த்தார்கள். மின்சார இணைப்பு, மின்விசிறி, காஸ் அடுப்பு, இருசக்கர வாகனம், கலர் டி.வி., பிரிட்ஜ், சலவை இயந்திரம், கம்ப்யூட்டர், கார், ஏ.சி., விவசாய நிலம் ஆக 11. படிப்பையும் சாமான்களின் எண்ணிக்கையையும் வைத்து, ஏ-1 முதல் இ-3 வரை 12 படிகளில் ஒன்றில் குடும்பத்தை நிறுத்தினார்கள். முறை அதன் பிறகும் மாறியது.

அந்தப் பட்டியலில் புத்தகம் இல்லை. பீரோ நிறைய நூல்கள் இருந்தாலும் மார்க் கிடையாது. ஊரில் கொஞ்சம் நிலம் இருந்தால் உண்டு!

தாராவியில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கி வேலைக்குப் போகிறார்கள். விசிறி, அடுப்பு, டி.வி.யோடு எண்ணிக்கை நின்றுவிடும். அவர்களில் ஒருவர் மாதம் தவறாமல் நாவல் வாங்குகிறவர் என்றால் அது எந்தக் கட்டத்தில் விழும்?

இதில் நஷ்டம் வாசகனுக்குத்தான். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால், ஆங்கிலத் தாள்களுக்குக் கிடைக்கும் விளம்பரக் கட்டணம் மற்ற மொழித் தாள்களுக்குக் கிடைப்பதில்லை. வருமானம் குறைந்தால் பக்கம் குறையும். சிறுகதைக்கும் நூல் மதிப்புரைக்கும் அப்புறம் இடம் ஏது?

தமிழ் வாசகன் புத்தகம் வாங்கமாட்டான் என்பதும் சரியல்ல. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்தது. வாராவாரம் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். புத்தக விற்பனைக் கணக்கில் இவர்கள் வரமாட்டார்கள். 1969-ல் 'ராணி முத்து' ஒரு ரூபாய்க்கு முழு நாவல் கொடுத்தபோது, அதுவரை நூலகத்தில் இரவல் வாங்கிப் படித்தவர்களும் காசு கொடுத்து வாங்கினார்கள்.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. பரீட்சைப் புத்தகமும் கதைப் புத்தகமும் பேரம் பேசி வாங்கலாம். ரசீது கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை.