ஒயினுக்கு மார்க் போட்ட வக்கீல்

ஒரு தனி ஆள் போடும் மதிப்பெண் ஒரு பாட்டிலின் விலையை எவ்வளவு ஏற்றும்? விளையாட்டுக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனா பொருளாதார ஆய்வாளர்கள் இதை நிஜமாவே கணக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க. அந்தத் தனி ஆள் அமெரிக்க ஒயின் எழுத்தாளர் ராபர்ட் பார்க்கர். எனக்கு ஒயினில் பெரிய பரிச்சயம் கிடையாது. ரேட்டிங் எப்படி வேலை செய்யுதுன்னு தேடப்போய் இவரிடம் வந்து சேர்ந்தேன்.

பார்க்கர் 1947-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். 1967-ல் பிரான்சில் படித்துக்கொண்டிருந்த காதலியைப் பார்க்கப் போன இடத்தில்தான் ஒயின் மேல் பிடிப்பு வந்தது. (அந்தக் காதலியையே பின்னாடி கல்யாணமும் பண்ணிக்கிட்டார்.) சட்டம் படித்து, விவசாயக் கடன் வங்கி ஒன்றில் வக்கீலாகச் சேர்ந்தார். ஒயின் எல்லாம் ஆபீஸ் முடிந்த பிறகுதான்.

அந்தக் காலத்து ஒயின் எழுத்தில் ஒரு சிக்கல் இருந்தது. எழுதுகிறவர்களில் பலர் ஒயின் வியாபாரத்தோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவர்கள். விற்கிறவரே விமர்சனமும் எழுதினால் அது எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. கார் பாதுகாப்புக்காகப் பெரிய கம்பெனிகளோடு மோதிய ரால்ஃப் நாடர்தான் பார்க்கருக்கு முன்மாதிரி. வாங்குகிறவன் பக்கம் நின்று எழுதும் ஒரு பத்திரிகையை 1978-ல் வேலையில் இருந்துகொண்டே ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் ‘ஒயின் அட்வகேட்’ என்று பெயர் பெற்றது. விளம்பரம் கிடையாது, சந்தா மட்டும்தான் வருமானம்.

அதில் வந்ததுதான் 100 மதிப்பெண் முறை. அதுவரை 20-க்கு மார்க் போடும் வழக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் 100-க்கு மார்க் வாங்கிப் பழகிய அமெரிக்கர்களுக்கு 92 என்றால் என்ன, 74 என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம். முறை இதுதான்: எந்த ஒயினாக இருந்தாலும் 50 மார்க் சும்மா கிடைத்துவிடும். அதற்கு மேல் நிறத்துக்கு 5 வரை, வாசனைக்கு 15 வரை, சுவைக்கும் விழுங்கிய பின் நாக்கில் நிற்கும் ருசிக்கும் 20 வரை, ஒட்டுமொத்தத் தரத்துக்கும் நாளாக ஆக மெருகேறும் தன்மைக்கும் 10 வரை. ஆக பேர்தான் 100, உண்மையில் இது 50 மார்க் பரீட்சை!

இது ஏன் புரட்சியாச்சு என்று புரிய போர்தோவைப் பார்க்கணும். பிரான்சின் மிகப் புகழ்பெற்ற ஒயின் பகுதி அது. அங்கே 1855-ல், அன்றைய விற்பனை விலையை வைத்துத் தரகர்கள் ஒயின் தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். அந்தப் பட்டியலில் பிற்காலத்தில் நடந்த பெரிய மாற்றம், 1973-ல் முத்தோன் ரோட்ஷில்ட் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியதுதான். நூறு வருஷத்துக்கு மேல் கிட்டத்தட்ட அசையாத வரிசை! பார்க்கருக்கு அந்த வரிசை பொருட்டே இல்லை. கோப்பையில் இருப்பதற்குத்தான் மார்க்.

1982-ம் ஆண்டு போர்தோ ஒயின்தான் திருப்புமுனை. பெயர்பெற்ற விமர்சகர்கள் சிலர் தயங்கினார்கள். பார்க்கர், இது அபாரமான ஆண்டு, வாங்கிப் போடுங்கள் என்று எழுதினார். விலை ஏறியது, அவர் தீர்ப்பும் நிலைத்தது. 1984-ல் வக்கீல் வேலையை விட்டார்.

இனிமேதான் கதை சிக்கலாகுது. போர்தோவில் ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே விற்பனை தொடங்கிவிடும். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் விமர்சகர்கள் வந்து சுவைப்பார்கள், அதன்பிறகு தோட்டக்காரர்கள் விலை வைப்பார்கள். நாளடைவில் பார்க்கர் மார்க் வரட்டும் என்று காத்திருந்து விலை வைப்பது பழக்கமானது. 2003-ல் மட்டும் வரிசை மாறியது. விலைகள் முதலில் வந்துவிட்டன, அவருடைய மார்க் இலையுதிர் காலத்தில்தான் வெளியானது. இந்த மாதிரி தற்செயலாக அமையும் பரிசோதனை ஆய்வாளர்களுக்கு அல்வா. மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பார்க்கரின் தாக்கம் சராசரியாக ஒரு பாட்டிலுக்கு 2.80 யூரோ என்று கணக்கிட்டார்கள். அந்த ஆய்வு 2008-ல் வெளியானது.

மார்க்குக்கு இவ்வளவு பலம் வந்தபின், மார்க்குக்காகவே ஒயின் செய்யத் தொடங்கினார்கள் என்பது அவரை விமர்சித்தவர்களின் வாதம். நன்றாகப் பழுத்த திராட்சை, புது ஓக் பீப்பாய், அடர்த்தியான ருசி. ஒரே நாளில் பத்து இருபது ஒயினை வரிசையாகச் சுவைக்கும்போது அடர்த்தியானதுதான் எடுபடும், மென்மையானது காணாமல் போய்விடும் என்றார்கள். ஷாத்தோ பாவி என்ற தோட்டத்தின் 2003 ஒயின் இதற்கு நல்ல உதாரணம். பார்க்கர் அள்ளிக் கொடுத்தார். பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான்சிஸ் ராபின்சன் 20-க்கு 12 போட்டார். ஒரே ஒயின், அனுபவமுள்ள இரண்டு நாக்கு. 2004-ல் இது பெரிய சண்டையாகவே வெடித்தது. இதில் யார் சரி? என்னைக் கேட்டால், அந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் கிடையாது. இருவருக்கும் பிடித்த ருசி வேறு, அவ்வளவுதான்.

மார்க் மட்டும் போதாது, கூட எழுதியிருக்கும் குறிப்பையும் படியுங்கள் என்று பார்க்கரே சொல்லிவந்தார். ஆனா கடை அலமாரியில் ஒட்டும் சின்ன அட்டையில் குறிப்புக்கு ஏது இடம்? எண் மட்டும்தான் போச்சு. விற்பவர்களின் செல்வாக்கிலிருந்து வாங்குபவனைக் காப்பாற்ற வந்த எண், விற்பவர்களின் கையிலேயே நல்ல கருவி ஆகிவிட்டது. இத்தனைக்கும் அவர் யாரிடமும் விலை போகவில்லை. எண் என்பது எழுதியவரை விட்டுத் தனியாகப் பயணம் போகக்கூடியது. அதுதான் காரணம்.

2012-ல் பத்திரிகையின் பெரும்பங்கை சிங்கப்பூர் முதலீட்டாளர்களிடம் விற்றார். 2019-ல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்திரிகை முழுவதுமாக மிஷ்லான் கைக்குப் போனது. ஆம், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் அதே டயர் கம்பெனிதான். ஆள் ஒதுங்கிவிட்டாலும் அவர் பரப்பிய 100 மார்க் முறை பல ஒயின் பத்திரிகைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை எதற்காவது 4.3 நட்சத்திரம் என்று பார்த்தால், யார் போட்டது என்று மட்டும் கேட்காதீங்க. அவங்களுக்கு எந்த ருசி பிடிக்கும் என்றும் கேளுங்க. அதற்கான பதில், கீழே யாரும் படிக்காத அந்த நாலு வரியில்தான் இருக்கும்.