அணையும் கண்மாயும் ஊரணியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே பிளவக்கல் என்னும் இடம் உள்ளது. அங்கே பெரியாறு அணை, கோவிலாறு அணை என அணைகள் இரண்டு. இப்பெரியாறு வேறு, முல்லைப்பெரியாறு வேறு. இவற்றில் தேங்கும் நீர் கீழுள்ள கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் பாய்கின்றது. கணிப்பொறி நிரலாக்கத்தின் இரு கருத்துக்களை இவற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

நீர்க்கணக்கு வைக்க ஒரு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். 'அணை' என்பது பொது இலக்கணம்; அதனை இனக்குழு என்பர். அவ்விலக்கணத்துக்கு அமைந்த பெரியாறும் கோவிலாறும் தனித்தனிப் பொருள்கள். 'கண்மாய்' மற்றோர் இனக்குழு. கொள்ளளவும் நீர்மட்டமும் இரண்டுக்கும் பொது. பொதுவானதை இருமுறை எழுதுவானேன்? 'நீர்நிலை' என்றொரு தாய் இனக்குழுவை வகுத்து, அதில் ஒருமுறை எழுதிவைத்தால், அணையும் கண்மாயும் அவற்றைத் தாய்வழிச் சொத்தாகப் பெறும். இதுவே மரபுரிமம்.

இனி, 'நீர் திற' என்று ஆணையிடுகின்றோம். அணையில் மதகின் கதவு உயர்கின்றது. கண்மாயில் மடை திறக்கின்றது. ஆணை ஒன்று, செயல் வேறு. ஆணையிடுவோர், 'நீ அணையோ, கண்மாயோ?' என்று வினவ வேண்டுவதில்லை. இதுவே பல்லுருவாக்கம். இஃது இல்லையேல், ஆணை வரும் இடந்தோறும் 'அணையாயின் இவ்வாறு, கண்மாயாயின் அவ்வாறு' என்று எழுத நேரும். நாளை புதுவகைத் தேக்கம் ஒன்று சேர்ந்தால் அத்தனை இடங்களையும் திருத்த வேண்டும். ஓரிடம் விடுபட்டாலும் கணக்குப் பிழைபடும்.

இம்முறைக்கு வித்திட்டவர்கள் நார்வே நாட்டு அறிஞர்களான ஓலே-யோகான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் ஆவர். அவர்கள் ஆக்கிய சிமுலா 67 என்னும் மொழியில் இனக்குழுவும் மரபுரிமமும் இடம்பெற்றன. பின்னர் வந்த சி++ முதலிய மொழிகள் அவ்வழியைப் பின்பற்றின.

நிற்க. ஊரணியும் நீர்நிலைதானே? அதனையும் இக்குடும்பத்தில் சேர்த்துவிடலாமா? ஊரணி ஊரார் குடத்தில் முகந்து செல்லும் குடிநீர்க்குளம். அதற்குப் பாசன மடை இல்லை. 'நீர் திற' என்றால் அது என் செய்யும்? வாளா இருந்தால், நீர் வந்துவிட்டதென்று நிரல் பொய்க்கணக்கு எழுதும். தாய் அளித்த வாக்கைச் சேய் காக்கவில்லை என்பதே இங்குள்ள குற்றம். தாய்க்குரிய இடத்தில் எந்தச் சேயை அமர்த்தினும் நிரல் பிழையாதிருத்தல் வேண்டும் என்னும் இக்கருத்தை, அமெரிக்க அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987ஆம் ஆண்டில் ஓர் உரையில் எடுத்துரைத்தார்.

தீர்வு எளிது. கொள்ளளவையும் நீர்மட்டத்தையும் 'நீர்நிலை'யிலேயே வைத்து, 'நீர் திற' என்னும் ஆணையை மட்டும் 'பாசன நீர்நிலை' என்னும் சேயிடம் ஒப்படைக்க. அணையும் கண்மாயும் அதன் கீழ் வருக. ஊரணி நேரே நீர்நிலையின் கீழ் அமைக.

ஆகவே, மாணவர்களே, இரண்டு பொருள்கள் தோற்றத்தால் ஒத்திருப்பது கண்டு உறவு கற்பித்துவிடாதீர்கள். பெற்ற கடமையை ஆற்ற வல்லதா என்று ஆராய்ந்த பின்னரே உரிமை வழங்குங்கள்.