மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

மூட்டுவலி, கழுத்துவலி, ஒற்றைத் தலைவலி என்று அலைந்து களைத்தவர்கள் யாரோ சொல்லக் கேட்டு அக்குபஞ்சர் கிளினிக்குக்குப் போகிறார்கள். ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதுகு நிறைய ஊசி ஏற்றி, அதில் மின்சாரக் கிளிப் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் போர்டில் ஒரே பெயர்தான்.

போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், சிலவகை நாள்பட்ட வலிகளுக்கு அக்குபஞ்சரைப் பரிசீலிக்கலாம் என்று 2021இல் சொன்னது. கீழ்முதுகு வலிக்கு வேண்டாம் என்று 2016இல் சொன்னதும் அதே அமைப்புதான். வலிக்கு ஒரு துணைச் சிகிச்சை என்ற அளவில் போகலாம். சர்க்கரை, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு எல்லாவற்றையும் வேரோடு குணமாக்குகிறோம் என்று நோட்டீஸ் அடிக்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

ஊசியைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பெரிய பயம் அறிவுரையைப் பற்றி. ‘இன்றைக்கே எல்லா மாத்திரையையும் நிறுத்துங்கள், காய்ச்சல் வந்தால் கழிவு வெளியேறுகிறது என்று சந்தோஷப்படுங்கள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம்’ என்கிறார்கள் சிலர். இன்சுலினை நம்பி வாழும் குழந்தைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டால் வலிப்பு திரும்பும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் தாயும் சேயும் இறந்துபோனார்கள். கணவரோடு, அக்குபஞ்சர் சிகிச்சையாளர் ஒருவரும் கைதானார். எந்த மாத்திரையையும் குறைப்பதா நிறுத்துவதா என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான, துளையில்லாத கம்பி அது. சீல் வைத்த உறையில், கிருமி நீக்கம் செய்த குறிப்போடும் காலாவதித் தேதியோடும் வரும். அந்த உறையை உங்கள் கண்முன்னால் கிழிக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்தோம், வெந்நீரில் போட்டோம், உங்கள் பெயர் எழுதித் தனியாக வைத்திருக்கிறோம் என்ற சமாதானம் எதையும் ஏற்காதீர்கள். 1984இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரே சிகிச்சையாளரிடம் ஊசி போட்டுக்கொண்ட 35 பேருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியது. எடுத்த ஊசி எங்கே போகிறது என்றும் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, துளைக்க முடியாத வெள்ளை நிறக் கொள்கலனில் போட வேண்டும். சாதாரணக் குப்பைக்கூடையில் போனால் அந்தக் கிளினிக்கின் சுத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

லேசான ரத்தக்கட்டு, தலைசுற்றல் எல்லாம் சகஜம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். தோள்மேட்டிலோ மார்பிலோ ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலில் துளை விழலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வரலாம். அப்போது 108க்கு அழையுங்கள், ஊசி போட்டதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மின்சாரக் கிளிப்பைத் தொடவே விடக்கூடாது.

அடுத்து, சான்றிதழ். மத்திய அரசு 2019இல் அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் இதற்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. எனவே சுவரில் தொங்கும் டிப்ளமோவை யார் கொடுத்தது, எத்தனை மாதப் படிப்பு, நேரில் பயிற்சி உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பி.என்.ஒய்.எஸ். படித்த இயற்கை மருத்துவர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே அக்குபஞ்சர் உண்டு, பதிவு எண்ணும் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

ஒரு முறையில் படிக்காதவர் அந்த முறையில் வைத்தியம் பார்ப்பதே அலட்சியம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1996இல், பூனம் வர்மா வழக்கில் சொல்லிவிட்டது. அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறை. பதிவுபெற்ற அலோபதி மருத்துவருக்கு அதில் இருக்கும் இரண்டாண்டு வரம்பு, வெறும் டிப்ளமோவோடு ஊசி போடுகிறவருக்குக் கிடையாது. போலி மருத்துவர் என்று சந்தேகம் வந்தால் காவல்நிலையத்திலும், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழி கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. ஆனால் இலவசச் சேவைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ‘உங்கள் விருப்பம்போல் உண்டியலில் போடுங்கள்’ என்கிற இடத்தில் நீங்கள் போட்ட ஐந்நூறு ரூபாய்க்குச் சாட்சி இருக்காது. ரசீது கேளுங்கள், தராவிட்டால் கூகுள் பேயில் அனுப்பி அந்தப் பதிவை அழிக்காமல் வையுங்கள்.