உஷார்! பழைய பாட்டுப் பெட்டி பாதி விலைக்கு வருகிறதா? காசை அனுப்பாதீர்கள்!

காசு அனுப்பப் போகிறீர்களா? நில்லுங்கள். போனைக் கீழே வையுங்கள். இதை வாசித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

நடந்தது எங்கோ கொழும்பில் இல்லை. நம்ம நல்லதண்ணியில். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று சொல்ல மாட்டேன். ஏமாந்த அந்தப் பிள்ளை நாளைக்கு பஜாரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

மலை சீசனில், உந்துவப் போயா தொடங்கி வெசாக் வரைக்கும், அவனுக்கு ஒரு தங்குமிடத்தில் வேலை. இரவு இரண்டு மணிக்கு வெள்ளைக்காரர்களை எழுப்பி, தேத்தண்ணி கொடுத்து, சிவனொளிபாத மலைக்கு அனுப்பி வைப்பான். அவர்களில் ஒருவர் ஒருநாள் தன் ஹெட்போனை இவன் காதில் மாட்டிவிட்டார். பிங்க் ஃபுளொயிட் என்ற இசைக்குழு. அதுவும் சிட் பரெட் பாடிய தொடக்க காலத்துப் பாட்டு. அன்றைக்குப் பிடித்த பித்து அவனை விடவில்லை.

இந்தப் பித்து எப்படிப்பட்டது என்று தெரியாமல் ஆபத்து புரியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1967 ஓகஸ்டில் அந்தக் குழுவின் முதல் முழுநீள இசைத்தட்டு வந்தது. கிற்றாரும் ஓர்கனும் எதிரொலித்து எதிரொலித்துக் கனவு மாதிரி நீளுகிற பாட்டு. சைக்கடெலிக் ராக் என்று அதற்குப் பெயர். பாட்டெழுதி, பாடி, குழுவை முன்னே கொண்டுபோன சிட் பரெட்டின் மனநிலை சீக்கிரமே குலைந்தது. 1968 ஏப்ரலில் அவர் குழுவில் இல்லை. 2006இல் காலமாகிவிட்டார். அவர் குழுவோடு இருந்தது சில வருடம்தான். அதனால் அந்தக் காலத்து ஒரு துண்டு நாடா கிடைத்தாலும் ரசிகர்களுக்குப் பொன்.

2016 நவம்பர் 11ஆம் திகதி அந்தப் பொன்னை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு விற்றார்கள். 'த ஏர்லி இயர்ஸ் 1965–1972'. 27 வட்டுகள்: 10 சீடி, 9 டிவிடி, 8 புளூரே. கூடவே சின்ன இசைத்தட்டுகள், பழைய நோட்டீஸ், டிக்கெட் மாதிரிகள். 'வெஜிடபிள் மேன்' என்று ஒரு பாட்டு. 1967இல் பதிவு செய்தது. திருட்டுப் பிரதியாகவே பல வருடம் சுற்றிவிட்டு, இந்தப் பெட்டியில்தான் முறையாக வெளிவந்தது. பொக்கிஷம்தான். அதை நான் மறுக்கவில்லை.

விலை? இங்கிலாந்தில் 375 பவுண். அன்றைய கணக்கில் நம் காசு ஏறத்தாழ 70,000 ரூபா.

அதே 2016 ஒக்டோபரில்தான் தோட்டத்துக் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாள் சம்பளம் 730 ரூபா. அப்போது அடிப்படை 500தான், மிச்சத்துக்கு வரவும் வேண்டும், நிறையும் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். முழுசாக 730 கிடைத்தாலும் ஒரு பெட்டிக்கு 96 நாள் கொழுந்து கிள்ள வேண்டியிருந்தது. சாப்பிடாமல், மருந்து வாங்காமல், 96 நாள்!

இந்த விலையால்தான் ரசிகர்களுக்குள் ஓயாத வாதம். டிவிடியில் இருக்கிற படம்தானே புளூரேயிலும் இருக்கிறது, ஒரே சரக்குக்கு இரண்டு தடவை காசா என்று ஒரு கட்சி. 2017 மார்ச்சில் ஆறு பாகங்களைத் தனித்தனியாக விட்டார்களே, அவசரப்பட்டவன் ஏமாந்தான் என்று இன்னொரு கட்சி. ஏழாவது பாகம் பெரிய பெட்டிக்குள் மட்டும்தானே, அது இல்லாமல் என்ன சேகரிப்பு என்று மூன்றாவது கட்சி. நம்ம பையனும் ஹட்டனில் இருக்கிற இரண்டு மூன்று கூட்டாளிகளும் இதையே மணிக்கணக்காகப் பேசுவார்கள். தனித்தனியாக இரண்டு பாகம் போதும் என்றார்கள் அவர்கள். இவன் ஏழாவது பாகக் கட்சி.

இதுவரைக்கும் ஒரு குற்றமும் இல்லை. ஆசைப்படுவது குற்றமா?

ஆனால் ஆசையை வெளியே சொன்னான். எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கண்டவர்களிடம் போனில் விசாரித்தான். அதை ஒருவன் கவனித்தான்.

போன சீசனில் அந்த ஆள் பேசினான். வெளிநாட்டில் இருந்து வந்தவனாம். அவசரமாகக் காசு வேண்டுமாம். பெட்டி இன்னும் பிரிக்கவே இல்லையாம். 55,000 ரூபா போதுமாம். இன்று அந்தப் பெட்டி பெரும்பாலும் கைமாற்றுச் சந்தையில்தான் கிடைக்கிறது. பவுணும் டொலரும் 2022க்குப் பிறகு எங்கே போய்விட்டன என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க 55,000ஆ? அங்கேயே மணி அடித்திருக்க வேண்டும்.

அடிக்கவில்லை. ஏன் தெரியுமா? அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 27 வட்டுக் கணக்கு தெரியும். ஏழாவது பாகம் தனியாகக் கிடைக்காது என்று தெரியும். சிட் பரெட் எந்த மாதம் விலகினார் என்று தெரியும். "இவ்வளவு தெரிஞ்ச ஆள் எப்படிக்கா பொய் சொல்லுவான்?" என்று பிறகு என்னிடம் கேட்டான் பையன்.

கவனியுங்கள். அந்த ஆள் சொன்ன விஷயம் எல்லாம் உண்மை. ஆள் மட்டும் பொய்.

பாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு பின்னேரம் போதும். அதை வைத்து நம்பிக்கையை வாங்கிவிட்டான். உங்கள் பிள்ளையிடம் யாராவது அவனுக்குப் பிடித்த விஷயத்தையே தேன் மாதிரிப் பேசினால், தயவுசெய்து பக்கத்தில் போய் உட்காருங்கள்.

முற்பணம் 30,000. அது அம்மாவின் சீட்டுக் காசு. அம்மா கொழுந்து எடுக்கிறவர். வீட்டுக் கூரைத் தகரம் மாற்ற எடுத்த சீட்டு. இரண்டு கிழமையில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தான். ஐந்தாம் நாள் ஒரு குறுஞ்செய்தி: பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 14,500 கட்டுங்கள். கட்டினான். பிறகு பார்சல் வந்தது. மிச்சம் 25,000ஐக் கொடுத்தால்தான் திறக்கலாம் என்றார்கள். கொடுத்தான். மொத்தம் 69,500.

உள்ளே என்ன? வீட்டு பிரிண்டரில் அடித்த உறைகள். ஊதா நிற அடிப்பக்கத்தோடு 27 வட்டுகள். பாதி ஓடவில்லை. ஓடியதில் மூன்று ஹிந்திப் படம்.

அந்த ஆளின் போன் இலக்கம் அன்று மாலையே வேலை செய்யவில்லை.

"அக்கா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க" என்று அவன் அழுத சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இனி அபாய அறிகுறிகள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அவசரப்படுத்துகிறானா? விலகுங்கள். இன்று இரவுக்குள், இன்னொருவர் கேட்கிறார், கடைசிப் பெட்டி என்பதெல்லாம் உங்களை யோசிக்க விடாமல் செய்கிற வேலை. இத்தனை வருடம் காத்திருந்த பெட்டி இன்னும் ஒரு கிழமை காத்திருக்கும்.

சுங்கக் காசை ஒரு ஆளின் கணக்குக்குக் கேட்கிறார்களா? அது சுங்கமே இல்லை. வரி இருந்தால் தபாற்கந்தோரில் இருந்து துண்டு வரும், கட்டினால் ரசீது வரும். தங்கள் பெயரில் போலிக் குறுஞ்செய்தி சுற்றுகிறது என்று அஞ்சல் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. அதில் இருக்கிற இணைப்பைத் தொட வேண்டாம்.

படம் அனுப்பினால் போதாது. இன்றைய திகதியை ஒரு கடதாசியில் எழுதி, பெட்டிமேல் வைத்து, வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். உண்மையாகப் பெட்டி வைத்திருப்பவர் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுவார். மற்றவன் கோபப்படுவான். அந்தக் கோபமே பதில்.

வட்டு கைக்கு வந்தால் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்ட சீடி, டிவிடியின் அடிப்பக்கம் பெரும்பாலும் வெள்ளி நிறம். வீட்டுக் கணினியில் எழுதியது பெரும்பாலும் பச்சை, நீலம், ஊதா என்று சாயம் காட்டும். நடுத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல வட்டில் தொழிற்சாலை இலக்கமும், பெரும்பாலும் ஐ.எஃப்.பி.ஐ. என்று தொடங்கும் நுண்ணிய குறியும் இருக்கும். முடிந்தால் நேரிலேயே போய் வாங்குங்கள். மஸ்கெலியா, நோர்வூட் தாண்டி ஹட்டனுக்கு பஸ் ஏறுகிற செலவு, ஏமாறுகிற காசுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எனக்குக் காது இருக்கிறது, கேட்டே கண்டுபிடிப்பேன் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற பெயர்பெற்ற நிறுவனம் விலைகூடிய இசைத்தட்டுகள் விற்கிறது. டிஜிட்டல் கலக்காமல் பழைய மூல நாடாவில் இருந்து நேரே வெட்டியது என்று நம்பித்தான் உலகமெங்கும் வாங்கினார்கள். பல தட்டுகளுக்கு இடையில் டிஜிட்டல் படி இருந்தது 2022இல்தான் வெளியே வந்தது. ஆயுள் முழுக்கப் பாட்டுக் கேட்டவர்களுக்கே அது காதில் பிடிபடவில்லை. வழக்கு வரை போனது.

இன்னொரு ஆபத்து நம் ஊருக்கே உரியது. நல்ல பெட்டியே கிடைத்தாலும் நம் பனியும் ஈரமும் அதைத் தின்னும். 2001இல் பெலீஸ் என்ற ஈரமான நாட்டில் இருந்து வந்த ஒரு சீடியை ஸ்பெயின் விஞ்ஞானிகள் பார்த்தபோது, ஒரு பூஞ்சணம் உள்ளே இறங்கி உலோகப் படலத்தையே அரித்திருந்தது. இங்கிலாந்தின் பிளக்பேர்ன் தொழிற்சாலையில் 1988க்கும் 1993க்கும் இடையில் செய்த பல சீடிகள், உறைக் கடதாசியின் கந்தகம் பட்டு வெண்கல நிறமாகிக் கெட்டன. லயத்து வீட்டில் அடுப்புப் புகையும் இருக்கிறது, மழைக்காலத்தில் சுவரும் வியர்க்கிறது. வாங்கியவர்கள் வட்டுகளை நிமிர்த்தி வையுங்கள். சுவரில் முட்ட வைக்காதீர்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாமல் உள்ளே போடுங்கள்.

ஏற்கெனவே காசு அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வங்கிக்கு அந்த நிமிடமே சொல்லுங்கள். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். இணைய மோசடிக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101, நுகர்வோர் அதிகார சபையின் 1977, இரண்டையும் வீட்டுக் கலண்டரில் எழுதி வையுங்கள். நம்ம பையன் மூன்று கிழமை யாரிடமும் சொல்லாமல் இருந்தான். அதற்குள் காசு போன கணக்கில் ஒரு சதமும் இல்லை.

அம்மாக்களே, இதையும் கேளுங்கள். பிள்ளை வந்து சொன்னால் முதலில் அடிக்கக் கை ஓங்காதீர்கள். அந்தப் பயத்தில்தான் அவன் மூன்று கிழமையை விட்டான்.

அவன் அம்மாவுக்குக் கடைசியில் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு பேர் சேர்ந்த, மாதம் 6,000 ரூபா சீட்டு அது. அவர் இரண்டாவது ஆளாக எடுத்தவர். கூரை இன்னும் ஒழுகுகிறது. சீட்டு இன்னும் நாலு மாதம் கட்ட வேண்டும்.